மேரி சிஸ்டரின் நாலாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சேலைக்குக் கஞ்சி போடுவது அருள்நாதனின் வேலை. சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, வெந்நீர் விட்டு இளக்கி, இரண்டு சொட்டு நீலம் கலந்து, மனைவியின் நீலக்கரை வெள்ளைச் சேலைகள் மூன்றையும் ஒவ்வொன்றாக முக்கிப் பிழிவார். புத்தூரில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், ஆண்பிள்ளை சேலை பிழிவதைப் பார்க்க ஆரம்பத்தில் ஒரு கூட்டமே நின்றது.

"என்ன சார், வீட்டுக்காரம்மா ஒத்தாசைக்கு ஆள் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார் எதிர்வீட்டு பாக்கியநாதன்.

"ஆமா. சோறு மட்டும்தான் சம்பளம்" என்றார் அருள்நாதன்.

சில மாதங்களில் வேடிக்கை பழகிப்போயிற்று. பாக்கியநாதனே தன் வேட்டியைக் கொண்டுவந்து, "மிச்சக் கஞ்சி இருந்தா இதையும் ஒரு முக்கு முக்கிடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போகலானார்.

அந்த மொடமொடப்பான சேலையில்தான் இருதயமேரி, எழுபத்து நான்கிலிருந்து பதினைந்து வருஷம் ஸ்ரீரங்கத்துக்குப் போய்வந்தார். புத்தூரிலிருந்து சத்திரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஒன்றாம் நம்பர். பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆற்றைப் பார்ப்பார்கள். தண்ணீர் வந்தாச்சா இல்லையா என்று யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்வார். கண்டக்டருக்கு அவரைத் தெரியும். "சிஸ்டருக்கு வழிவிடுங்கப்பா, சேலை கசங்கிடும்" என்பார். கூட்டம் சிரிக்கும், ஆனால் வழியும் விடும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு தாய்சேய் நல நிலையத்தில் அவருக்கு உத்தியோகம். தடுப்பூசி, பிரசவத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, இவற்றோடு கருத்தடை மாத்திரையும் அவர் பொறுப்பு. எமர்ஜென்சி முடிந்திருந்த சமயம். குடும்பக் கட்டுப்பாடு என்று யாராவது வாயைத் திறந்தாலே ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்கள். ஆகையால் இருதயமேரி அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. "பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் இடைவெளி வேணும்ல" என்று ஆரம்பிப்பார். மாத்திரை அட்டையைப் பையின் அடியில், துண்டுக்குக் கீழே வைத்திருப்பார்.

முதல் அட்டையைத் தருவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பார். ஒற்றைத் தலைவலி உண்டா? மஞ்சக்காமாலை வந்திருக்கா? பிள்ளைக்குப் பால் கொடுக்குறீங்களா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் நிலையத்துக்கு அழைத்துப்போய் லேடி டாக்டரிடம் காட்டுவார். அப்புறம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடக்கும். வெள்ளை இருபத்தொன்று, பழுப்பு ஏழு. பழுப்பு வெறும் இரும்புச் சத்து. அந்த வாரத்தில்தான் தூரம் வரும். பழுப்பு முடிந்த மறுநாளே அடுத்த அட்டை.

"எப்ப போடணும்னா, ராத்திரி பாலுக்கு உறை ஊத்துவீங்கல்ல, அப்ப போட்டுக்குங்க. உறை ஊத்த மறந்தா மறுநாள் மோர் கிடையாது. அதனால மறக்கவே மாட்டீங்க."

இது அவருடைய சொந்த யோசனை. பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. அவருக்குத் தெரிந்து ஸ்ரீரங்கத்தில் உறை ஊற்றாத ராத்திரியே கிடையாது.

"நிச்சயமாப் பலிக்குமா?" என்று எல்லாரும் கேட்பார்கள்.

"தினமும் போட்டா, நூறு பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்குக்கூடக் கரு நிக்காது. ஒரு நாள் மறந்தா ஞாபகம் வந்ததும் போட்டுக்குங்க, அன்னைக்கு ரெண்டா இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு நாள் மறந்தா உடனே என்கிட்ட வரணும். அதுவரைக்கும் வீட்டுக்காரரைத் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க."

இதையெல்லாம் சொல்கிற இருதயமேரிக்கு நாலு பிள்ளைகள். கடைசிப் பெண் பிறந்தது எழுபத்தைந்தில், மாத்திரைப் பயிற்சி முடித்த அடுத்த வருஷம். அம்மாமண்டபம் பக்கம் குடியிருந்த செல்லக்கண்ணு இதை விடவே மாட்டாள். அவள் புருஷன் ஜட்கா வண்டிக்காரன்.

"ஏன் நர்சம்மா, உன் பையிலேயேதான் மாத்திரை இருக்கு. அப்புறம் எப்படி நாலு?"

"நாலு பெத்ததாலதான்டி உன்கிட்ட சொல்றேன். சுகமா இருந்தா வந்து சொல்வேனா?"

உண்மையான காரணம் வேறு. மாதா கோயிலில் அது கூடாது என்றார்கள், அவர் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அதை வேலைக்குள் கொண்டுவரவும் இல்லை. கோயிலில் கேட்கிறவர்களுக்குக் கோயில் பதில், நிலையத்தில் கேட்கிறவர்களுக்கு நிலையத்துப் பதில் என்பது அவர் கட்சி. அருள்நாதன் பொன்மலை ரயில்வேயில் ஸ்டோர் கிளார்க், ஞாயிறு பூசையில் பாட்டுக் குழு. அவர் சொல்வார்: "நீ வாரம் பூராக் குடு. நான் சனிக்கிழமை சாமியார்கிட்ட ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடுறேன்."

இப்படிச் சேர்த்துச் சேர்த்து, எழுபத்தொன்பது முடிவில் ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலுமாக நாற்பத்தோரு பெண்கள் அவரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அட்டை வேண்டுமானால் தீர்ந்த அட்டையைக் காட்ட வேண்டும். குழிகள் எல்லாம் காலியாக இருந்தால்தான் புதுசு. இதில் அவர் கறார்.

ஒரு அட்டைகூட அழுக்காகாமல், மடங்காமல், இருபத்தெட்டுக் குழியும் சுத்தமாகக் காலியாகிக் கொண்டுவந்து காட்டுகிறவள் ரங்கநாயகி. உத்தர வீதியில் வீடு. வயது இருபத்தெட்டு, இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் சடகோபன் ஒரு கம்பெனியில் கணக்கர். ரங்கநாயகி கணக்கில் பட்டம் வாங்கியவள். ஒரு தனியார் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராக இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். வருகிற ஜூனில் நிரந்தரம் செய்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தார்: "நடுவுல பிரசவம் கிரசவம்னு வந்து நிக்காதேள். வேற ஆளைப் போட்டுடுவா."

அந்த வார்த்தைக்காகத்தான் ரங்கநாயகி மாத்திரைக்கு வந்தாள். தானாக வந்தவள். சடகோபனுக்கும் தெரியும், அவருக்கு மனைவி டீச்சராவதில் பெருமை. "எங்காத்துல இப்போ ரெண்டு சம்பளம்" என்று நிரந்தரமாவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

எண்பது பிப்ரவரியில் ஒரு மத்தியானம், ரங்கநாயகி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நிலையத்துக்கு வந்தாள். பழுப்பு மாத்திரை வாரம் முடிந்துவிட்டது, தூரம் வரவில்லை என்றாள். லேடி டாக்டர் பரிசோதித்தார். கர்ப்பம்தான்.

இருதயமேரி அவளைத் தடுப்பூசி அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ரங்கநாயகி அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நூறுல ஒருத்தருக்குக்கூட வராதுன்னேளே சிஸ்டர்."

"தினமும் போட்டா வராதும்மா. எங்கேயாவது விட்டீங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க. வாந்தி, பேதின்னு படுத்தீங்களா?"

"இல்லை."

"மறந்தீங்களா?"

"ஒரு நாள்கூட மறக்கல்லை." மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஏகாதசியன்னைக்கு மட்டும் போடறதில்லை."

இருதயமேரிக்கு முதலில் விளங்கவில்லை.

"நிர்ஜலம் சிஸ்டர். பச்சைத் தண்ணி பல்லுல படாது. எப்படி மாத்திரை போடறது?"

"அட்டை எல்லாம் காலியாத்தானே காட்டுனீங்க?"

"கணக்குத் தப்பப்படாதேன்னு அன்னிக்கு உண்டான மாத்திரையை எடுத்து முத்தத்துச் சாக்கடையில போட்டுடுவேன். இல்லாட்டா கிழமை எல்லாம் மாறிப் போயிடுமே."

"மாசத்துக்கு ரெண்டு ஏகாதசி!"

"ஆமாம். எட்டு மாசமா அப்படித்தான். ஒண்ணும் ஆகல்லையே!"

"இந்தத் தடவை?"

ரங்கநாயகி கணக்கு டீச்சர் மாதிரியே வரிசையாகச் சொன்னாள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. அதற்குத் தசமி ராத்திரியிலிருந்தே உபவாசம். ஆக இரண்டு ராத்திரி. அதற்கு முந்தின நாள்தான் பழுப்பு மாத்திரை தீர்ந்திருந்தது. புது அட்டையின் முதல் இரண்டு மாத்திரையும் சாக்கடைக்குப் போயிருந்தன.

அந்த இடத்தில்தான் விடவே கூடாது. ஏற்கனவே ஏழு நாள் மருந்து இல்லாத உடம்பு, ஒன்பது நாளாகிவிட்டது.

"ரெண்டு நாள் மறந்தா ஓடி வரணும்னு சொன்னேனேம்மா."

"மறந்தாத்தானே வரச் சொன்னேள்? நான் மறக்கல்லையே. ஞாபகமாத்தான் விட்டேன்."

இருதயமேரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

அவர் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. மாத்திரை போட்டும் நின்ற கர்ப்பத்தை, வேண்டாமென்றால் டாக்டர் மூலம் கலைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதைச் சொல்லாமல் விட அவருக்கு மனசு வந்திருக்கும், வேலை விடவில்லை. சுவரில் தொங்கிய போலியோ படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒப்பிப்பது போல் சொல்லி முடித்தார். ரங்கநாயகி தலையை ஆட்டினாள். "அது வேண்டாம். மாத்திரையால குழந்தைக்கு ஏதாவது ஆகுமா, அதை மட்டும் சொல்லுங்கோ."

"டாக்டரம்மா பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இன்னையோட நிறுத்திடுங்க."

கதவருகே போனவள் திரும்பி வந்தாள். "இந்த ஏகாதசி விஷயம் யாருக்கும் தெரியப்படாது சிஸ்டர். எங்காத்துக்காரருக்கும்."

"ஏம்மா? பட்டினி கிடக்குறது அவருக்குத் தெரியும்ல?"

"உபவாசம் தெரியும். மாத்திரையைச் சாக்கடையில போட்டது தெரியாது." குரல் இறங்கியது. "நான் எதுக்காக நிர்ஜலம் இருந்தேன் தெரியுமா? ஜூன்ல வேலை நிரந்தரமாகணும்னு பெருமாளை வேண்டிண்டு இருந்தேன். அந்த விரதத்தாலேயே வேலை போச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் வாயில வரப்படாது. மாத்திரை கெட்டுப் போச்சுன்னு இருக்கட்டும். மாத்திரை என்ன கோவிச்சுக்கவா போறது? எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

இருதயமேரி சத்தியம் பண்ணவில்லை. அவர்கள் வழக்கத்தில் அது பாவம். "சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது ரங்கநாயகிக்குத் தெரியும்.

மாத்திரை கோபித்துக்கொள்ளவில்லை. சடகோபன் கோபித்துக்கொண்டார். அடுத்த வாரம், தடுப்பூசி நாளாகப் பார்த்து, முப்பது நாற்பது பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நிலையத்துக்குள் நுழைந்தார்.

"எங்க அந்த மாத்திரை நர்ஸ்? இங்க வாங்கோ. என்ன குடுக்கறேள் நீங்க? சுண்ணாம்பை உருட்டிக் குடுக்கறேளா? என் ஆத்துக்காரி ஒரு நாள் தவறாம முழுங்கியிருக்கா. கடியாரம் மாதிரி! அட்டை அட்டையா நீங்களே பாத்திருக்கேள். பாத்தேளா இல்லையா?"

"பாத்தேங்க."

"காலியா இருந்துதா இல்லையா?"

"இருந்துதுங்க."

"அப்போ தப்பு யார் மேல?"

இருதயமேரி கையில் சிரிஞ்சோடு நின்றார். ஒரு குழந்தை அழுதது. "சொல்லுங்கோ!" என்றார் சடகோபன்.

"மாத்திரை போட்டாலும் எங்கேயோ ஒருத்தருக்கு வர்றது உண்டுங்க" என்றார் இருதயமேரி. பொய் இல்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் பதினோரு பேர் அவரிடம் மாத்திரை வாங்குகிறவர்கள். அவர்கள் காதில் அது எப்படி விழும் என்பதும் தெரிந்துதான் சொன்னார்.

அந்த மாதம் ஒன்பது பேர் நிறுத்தினார்கள். சிலர் அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நிலையத்துப் பக்கமே வரவில்லை. செல்லக்கண்ணு மட்டும் நேரில் வந்து, இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அவ்வளவு படிச்ச டீச்சரம்மாவுக்கே பலிக்காதது எனக்கு எங்க பலிக்கப் போகுது? இதைத் தின்னா தலைசுத்தல்தான் மிச்சம். இந்தா, வச்சுக்க."

"செல்லக்கண்ணு, நான் சொல்றதைக் கேளு. அது வேற, உன் விஷயம் வேற."

"என்ன வேற? அவுங்களுக்கு ஒரு மாத்திரை, எனக்கு ஒரு மாத்திரையா?"

"அதே மாத்திரைதான். ஆனா அங்க ஒரு காரணம் இருக்கு."

"அப்ப காரணத்தைச் சொல்லு நர்சம்மா. சரின்னு பட்டா இங்கேயே ஒண்ணைப் போட்டுத் தண்ணி குடிக்கிறேன்."

இருதயமேரி சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஏகாதசிக்குப் போடவில்லை. செல்லக்கண்ணுவுக்கு ஏகாதசி ஏது, விரதம் ஏது? கேட்டவுடனே சிரித்துவிட்டு அட்டையைத் திரும்ப இடுப்பில் செருகியிருப்பாள். சாயங்காலத்துக்குள் அம்மாமண்டபம் முழுக்கச் செய்தி போயிருக்கும். மறுநாள் உத்தர வீதிக்கும்.

"என்னை நம்பு" என்றார்.

"உன்னை நம்புறேன். மாத்திரையைத்தான் நம்பல" என்று சொல்லிவிட்டுச் செல்லக்கண்ணு போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து அருள்நாதனிடம்கூட அவர் காரணத்தைச் சொல்லவில்லை. "ஒருத்தி ரகசியம் என்கிட்ட இருக்கு. அதைச் சொன்னா அவ கெடுவா, சொல்லாட்டா வேற யாரோ கெடுவாங்க" என்று மட்டும் சொன்னார். அருள்நாதன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "சாமியார்கிட்ட கேளேன்" என்றார். "மாத்திரை ரகசியத்தைச் சாமியார்கிட்ட கேக்கவா?" என்று இருதயமேரி சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பிரச்சினை அப்படியே இருந்தது.

ஜூனில் ரங்கநாயகியின் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டார்கள். ஜூன் கடைசியில் செல்லக்கண்ணு நிலையத்துக்கு வந்தாள், மூன்று மாதம். ஐந்தாவது. "என்ன நர்சம்மா, பேந்தப் பேந்த முழிக்கிறே? சீட்டு எழுது. இரும்பு மாத்திரை குடு. அதாவது வேலை செய்யுமா?" என்று கேட்டாள். எப்போதும் போலத்தான் கேட்டாள். இருதயமேரிக்குச் சீட்டில் பெயர் எழுதவே கொஞ்ச நேரமாயிற்று.

அதற்கு அடுத்த வாரம்தான் அவர் வடக்கு உத்தர வீதியில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனார். வைதிக காரியங்கள் பண்ணிவைக்கிறவர். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இருதயமேரிதான் ஊசி போட்டவர். கூடத்துக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டார்.

"சாமி, விரத நாள்ல மருந்து சாப்பிடலாமா?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான் கேக்குறேன்."

"பொதுவா யாரும் மருந்து சாப்பிடறதில்லையே" என்றார் வாத்தியார். பிறகு, "தாராளமா சாப்பிடலாம். ஜலம், பால், பழம், மருந்து இதெல்லாம் விரதத்தைக் கெடுக்காதுன்னு சாஸ்திரத்துலேயே இருக்கு" என்றார்.

"நிர்ஜலமா இருந்தாலுமா?"

"மருந்துக்கு வேண்டிய அளவு ஒரு வாய் ஜலம், அவ்வளவுதான். பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்."

"வியாதி இல்லாதவங்க தினமும் போடுற மருந்தா இருந்தா?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நிலையத்து நர்ஸ், கையில் பை. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "டாக்டர் குடுத்ததா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்போ மருந்துதான். இதைக் கேக்கவா இந்த வெயில்ல வந்தேள்?"

"மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கணுங்க" என்றார் இருதயமேரி.

அன்றிலிருந்து கேள்விகள் மூன்று அல்ல, நாலு. மிச்சமிருந்த முப்பத்தோரு வீடுகளுக்கும் ஒன்றுவிடாமல் போனார். "விரதம் உண்டா? எந்தெந்த நாள்? அன்னைக்கு மாத்திரை போடுறீங்களா?" கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. ஆறு பேர் ஏகாதசிக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விட்டிருந்தார்கள். ஒருத்தி அமாவாசைக்கு எதற்கென்றே தெரியாமல் விட்டிருந்தாள். அம்மா அன்று எதுவும் புதிதாக ஆரம்பிக்க மாட்டாள், அதனால் என்றாள். எல்லாரும் காலி அட்டை காட்டியவர்கள். திருவானைக்காவலில் சைக்கிள் கடை கலீலின் மனைவி மட்டும், "இது என்ன கேள்வி சிஸ்டர்? நோன்பு திறந்ததும் போட்டுக்குவேன். ரம்ஜான் முப்பது நாளும் விட்டா என் கதி என்ன ஆகுறது?" என்று திருப்பிக் கேட்டாள்.

பயிற்சி வகுப்பில் சொன்ன நூறு பேர் எந்த ஊர்க்காரர்கள் என்று இருதயமேரி அப்போதுதான் யோசித்தார். அந்த நூறு பேரும் தினமும் சாப்பிட்டிருப்பார்கள் போல. மருந்தின் மேல் குறை இல்லை. விழுங்கினால் கேட்கிற மருந்துதான். விழுங்குகிறவளின் வீட்டு காலண்டரை யாரும் பார்க்கவில்லை. தானும் பார்க்கவில்லை.

பிறகு வந்த வருஷங்களில் அந்த நாலாவது கேள்வி நிலையத்தில் வழக்கமாகிவிட்டது. எண்பத்து மூன்றில் புதிதாக வேலைக்கு வந்த லூர்துராணி அதை ஏதோ அரசாங்க உத்தரவு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை வாங்குகிறவர்கள் திரும்ப நாற்பதைத் தொட்டார்கள், அறுபதைத் தாண்டினார்கள். டிவி வந்தது; விளம்பரத்தில் மாத்திரையைப் பற்றிப் பேசினார்கள்; ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது நின்றது. எண்பத்தொன்பதில் அவர் ஓய்வு பெற்றபோது செல்லக்கண்ணு மல்லிகை மாலை வாங்கிவந்து போட்டாள். ஐந்தாவது பையன், கருப்பாக, துறுதுறுவென்று, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருதயமேரி அவனுக்கு மட்டும் இரண்டு லட்டு கொடுத்தார். ஸ்ரீரங்கத்தில் இன்னமும் சில வீடுகளில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், மொடமொடவென்று சேலை சத்தம் முதலில் வரும், அப்புறம்தான் ஆள் வருவார் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் எண்பத்தொன்று மே மாதத்து ஒரு மத்தியானத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

ரங்கநாயகிக்கு செப்டம்பரில் மூன்றாவதும் பெண் பிறந்திருந்தது. பால் கொடுக்கிறவளுக்கு ஆறு மாதம் வரை அந்த மாத்திரை தரக்கூடாது என்பதால் இருதயமேரி காத்திருந்தார். எட்டாவது மாதம், அட்டையைத் துண்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு உத்தர வீதி வீட்டுக்குப் போனார். சடகோபன் ஆபீஸ் போயிருந்தார். ரங்கநாயகி காமரா உள் என்கிற பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே எட்டுப் பத்துப் பெண்களுக்கு டியூஷன் எடுத்தாள். பக்கத்தில் குழந்தை தூங்கிற்று.

"வாங்கோ சிஸ்டர். மோர் சாப்பிடறேளா?"

"வேண்டாம்மா. வெயில் ஏறுறதுக்குள்ள போகணும்."

அட்டையை எடுத்துத் தாள்களின் பக்கத்தில் வைத்தார். ரங்கநாயகி அதைத் தொடவில்லை.

"ஏகாதசிக்கு என்ன பண்ணுவேன்?"

"போட்டுக்கலாம்மா. வாத்தியார்கிட்டயே கேட்டுட்டேன். மருந்து விரதத்தைக் கெடுக்காதாம். ஒரு வாய் தண்ணியோட போட்டுக்கலாம்னு சொன்னார். உங்க பேர் சொல்லல."

ரங்கநாயகி சிவப்பு மைப் பேனாவை மூடினாள். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் இருதயமேரி நினைத்துக்கொண்டு வந்திருந்தார். முகத்தைப் பார்த்த பிறகுதான், தான் கொண்டுவந்தது என்ன என்று தெரிந்தது. விரதமும் இருந்திருக்கலாம், மாத்திரையும் போட்டிருக்கலாம், வேலையும் இருந்திருக்கும்.

"ஒரு வாய் ஜலம்" என்றாள் ரங்கநாயகி.

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும். அது என் தப்புதாம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வேதக்காரா, மாதா கோயிலுக்குப் போறவா. இங்கேயே பிறந்து வளர்ந்தவ, நான்தான் கேட்டிருக்கணும்." குழந்தை புரண்டது. அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். அது தூங்கியதும், தலையைத் தூக்காமலே கேட்டாள்: "எங்காத்துக்காரர் அன்னிக்கு அங்க வந்து கத்தினாராமே. சுண்ணாம்பு, அது இதுன்னு. போன மாசம்தான் யாரோ சொன்னா."

"அதெல்லாம் பழைய கதை."

"அதைக் கேட்டுட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினாளா சிஸ்டர்?"

இருதயமேரி பையை மடியில் எடுத்து வைத்தார். துண்டை மடித்தார். மடித்த துண்டை மறுபடி பிரித்து மடித்தார்.

"யாருக்காவது என்னாலே கரு நின்னுடுத்தா?"

வெளியே தெருவில் ஒரு ஜட்கா போயிற்று. இருதயமேரி பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அட்டை தாள்களின் பக்கத்தில், வைத்த இடத்திலேயே இருந்தது. கஞ்சி போட்ட சேலை வாசற்படியில் உரசாமல் ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காமரா உள்ளைவிட்டு வெளியே போனார்.